பாடபேதமா, பாட்டின் இயல்பா? ‘ராசா சாயாங்’ பாடலும் அதன் வடிவங்களும்

முன்னுரை

பினாங்குத் தீவின் வடகரையில், பத்து பெரிங்கி கடலோரத்தில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தங்கும் விடுதி ஒன்று ஒரு நாட்டுப்புறக் காதற்பாட்டின் பெயரையே தன் பெயராகக் கொண்டுள்ளது. ‘ராசா சாயாங்’ என்னும் அப்பாட்டை மலேசியாவில் அறியாதார் அரியர். மலாய்ப்பள்ளி, சீனப்பள்ளி, தமிழ்ப்பள்ளி என்னும் வேறுபாடின்றி மாணவர் அதனைப் பாடியே வளர்கின்றனர். சிங்கப்பூரிலும் இந்தோனேசியாவிலும் நிலைமை இதுவே. இத்துணைப் பேர் அறிந்த பாட்டின் சரியான வடிவம் யாது என்று வினவினால் மட்டும் ஒருமித்த விடை கிடைப்பதில்லை. ஒருவர் பாடும் அடிகளை மற்றவர் பாடுவதில்லை. பல்லவியே இடத்துக்கிடம் மாறுகிறது.

இந்திய ஆய்வியல் துறையின் இதழில் மலாய்ப் பாட்டொன்றைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் கூறுதல் வேண்டும். நம் தமிழாசிரியர்கள் நாட்டுப்புறப் பாடல்களைக் கற்பிக்கின்றனர். மாணவரைக் கொண்டு திரட்டவும் செய்கின்றனர். மாணவர் தம் பாட்டியிடம் கேட்டு எழுதிவரும் பாட்டு அச்சிட்ட நூலிலுள்ள பாட்டோடு ஒத்துவராதபோது என்ன செய்கிறோம்? பெரும்பாலும் நூலை வைத்துக்கொண்டு பாட்டியைத் திருத்துகிறோம். இவ்வழக்கம் சரியன்று என்பதே நம் கருத்து. அதனைத் தமிழ்ப் பாட்டை மட்டும் கொண்டு விளக்குவதைவிட, அனைவரும் அறிந்ததும் இரு நாடுகள் உரிமை கோரி மோதிக்கொண்டதுமான ஒரு பாட்டைக் கொண்டு விளக்குவது எளிது.

பெயரும் பொருளும்

‘ராசா’ என்பது வடமொழி ‘ரஸ’ என்பதிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். நாம் ‘இரசம்’ என்று வழங்குவதும் அதுவே. மலாயில் அது சுவையையும் குறிக்கும், உள்ளத்து உணர்வையும் குறிக்கும். ‘சாயாங்’ என்பதற்கு அன்பு, காதல் என்று அகராதி பொருள் கூறும். ஆயின் ‘அந்தோ, வீணாயிற்றே’ என்னும் இரக்கப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. உறவுடைய மொழியாகிய பிலிப்பினோவில் காதற்பொருள் மறைந்து இரக்கப்பொருளே வழங்குகிறது. அன்பும் இழப்பும் ஒரு சொல்லில் உறைவது நமக்குப் புதிதன்று. ‘பரிவு’ என்னும் தமிழ்ச்சொல்லும் அன்பையும் துன்பத்தையும் ஒருங்கே சுட்டும். எனவே ‘ராசா சாயாங்’ என்பதைக் ‘காதல் உணர்வு’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் பாதியே பெயர்த்ததாகும்.

பல்லவியில் இரு பெரும் வழக்குகள் உள. மலேசிய வழக்கில் தொலைவில் நிற்கும் நங்கை ஒருத்தி இடம்பெறுகிறாள். அவளைக் காணுமாறு பாடுவோர் அழைக்கின்றனர். இந்தோனேசியாவில் பரவலாகப் பாடப்பெறும் வழக்கில் நங்கை மறைந்துவிடுகிறாள். தொலைவு மட்டும் எஞ்சுகிறது. இவற்றுள் எது முந்தியது? நங்கையைக் குறிக்கும் ‘நோனா’ என்னும் சொல் போர்த்துக்கீசியத் தொடர்புடையது. அச்சொல் மாலுக்குத் தீவுகளிலும் வழங்கும், மலாக்காவிலும் வழங்கும். மலாக்காவின் போர்த்துக்கீசிய வழியினர் பாடும் ‘ஜிங்லி நோனா’ என்னும் காதற்பாட்டுக்கு இலங்கைப் பறங்கியரிடையே உறவுப்பாட்டு உண்டு. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிறப்பிடம் காணப் புகுந்தால், மாலுக்கு, மலாக்கா, கொழும்பு என்று மூன்று துறைமுகங்களுக்கும் செல்ல நேரும்.

பந்துன் என்னும் சட்டகம்

பல்லவியை விடுத்துச் சரணங்களுக்கு வருவோம். இவை யாவும் பந்துன்கள். பந்துன் என்பது நான்கடிச் செய்யுள்; முதலடியும் மூன்றாமடியும் ஓரியைபு, இரண்டாமடியும் நான்காமடியும் மற்றோரியைபு பெறும். முதலிரண்டடிகள் ‘பெம்பாயாங்’ எனப்படும். ‘பாயாங்’ என்பது நிழல். பின்னிரண்டடிகள் ‘மக்சுட்’, அதாவது கருத்து. முன்னிரண்டடிகளில் ஒரு தீவு, ஒரு மரம், ஒரு பறவை, ஒரு சந்தைப்பொருள் வரும். பின்னிரண்டில் பாடுவோர் சொல்லவந்த காதலோ ஏக்கமோ அறிவுரையோ வரும். இரண்டுக்கும் இடையே ஒலித்தொடர்பு கட்டாயம். பொருள்தொடர்பு இருந்தால் சிறப்பு, இல்லாவிடினும் குற்றமன்று.

பினாங்கைப் பற்றியே பழைய பந்துன் ஒன்றுண்டு. அதன் நிழலடிகள் பினாங்கைப் புதிய நகர் என்றும், கேப்டன் லைட்டை அதன் அரசன் என்றும் கூறும். கருத்தடிகளோ பழைய காலத்தை நினைந்து கண்ணீர் விடும். பிரான்சிஸ் லைட் பினாங்கை ஏற்றது 1786 ஆகஸ்டில். புதிய நகரைச் சுட்டிவிட்டுப் பழைய காலத்துக்கு அழும் அப்பாட்டில் நிழலும் கருத்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை உணர்தல் அரிதன்று. இத்தகைய பந்துன் எதனையும் ‘ராசா சாயாங்’ மெட்டில் பொருத்திப் பாடலாம். ஒருவர் தனித்து ஒரு பந்துனைப் பாட, சூழ்ந்திருப்போர் பல்லவியை எடுப்பர். அதற்குள் அடுத்தவர் தம் பந்துனை எண்ணிக்கொள்வார். அவ்வாறாயின் இப்பாட்டுக்கு எத்தனை சரணங்கள்? பாடுவோரிடம் எத்தனை பந்துன்கள் உள்ளனவோ அத்தனை. இதனை ஒரு பாட்டு என்பதைவிடப் பாட்டுக்கான சட்டகம் என்பதே பொருந்தும்.

தமிழாசிரியர்க்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். நம் தெம்மாங்கிலும் முதலடி ஒரு காட்சியைச் சொல்ல, அடுத்த அடி எதுகைக்கு இசைந்து உள்ளத்தைச் சொல்வது பெருவழக்கு. அவ்வடிகளிடையே பொருள்தொடர்பு சில பாட்டில் தெளிவாக இருக்கும். சில பாட்டில் இராது. கருப்பொருளின் வழியே காதலரின் நிலையைக் குறிப்பாகச் சொல்லும் உள்ளுறையையும் இங்கே நினைவுகூரலாம். ஆண் ஒரு கண்ணி, பெண் ஒரு கண்ணி என்று மாறி மாறிப் பாடும் வழக்கு ‘பெர்பாலாஸ் பந்துன்’ எனப்படும் பந்துன் எதிர்ப்பாட்டுக்கு நிகரானது. லாவணியின் வினாவிடைப் போட்டியும், ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வேடனும் வள்ளியும் தொடுக்கும் தருக்கமும் இதே குடும்பத்தன. இவ்வொப்புமைகளைக் கண்டவுடன் பந்துன் தமிழிலிருந்து சென்றது என்று நிறுவ நம் உள்ளம் விழையும். அதற்குச் சான்றில்லை. கூடிப்பாடும் மக்கள் எவ்விடத்தும் இத்தகைய அமைப்பைக் காணவல்லர். ஒப்புமை வேறு, வழிவந்தமை வேறு.

பந்துன் கடல் கடந்து சென்ற வரலாறு ஒன்றும் இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. வில்லியம் மார்ஸ்டன் 1812இல் வெளியிட்ட மலாய் இலக்கணத்தில் பந்துன்களை எடுத்துக்காட்டினார். விக்தர் ஹியூகோ 1829இல் வெளியிட்ட தம் கவிதை நூலின் குறிப்புகளில், எர்னெஸ்ட் ஃபுய்னே பிரெஞ்சில் பெயர்த்த மலாய்ப் பந்துன் ஒன்றைச் சேர்த்தார். அதிலிருந்து ‘பந்தூம்’ என்னும் புதிய யாப்பே பிரெஞ்சுக் கவிதையில் கிளைத்தது. ஒரு செய்யுளின் இரண்டாம், நான்காம் அடிகள் அடுத்த செய்யுளின் முதலாம், மூன்றாம் அடிகளாகத் திரும்ப வருதல் அதன் இலக்கணம். மலாயில் பந்துனின் ஒரு வகைக்கு மட்டும் உரிய இப்பண்பு, ஐரோப்பாவில் பந்துனின் பொது இலக்கணமாகவே ஆயிற்று. கிடைத்த ஒரு வடிவத்தைக் கொண்டு முழு இனத்தையும் வரையறுப்பதால் நேரும் விளைவு இது. நாமும் ஒரு தொகுப்பு நூலைக் கொண்டு தெம்மாங்குக்கு இலக்கணம் வகுக்கும்போது இதனையே செய்கிறோம்.

டொண்டாங் சாயாங்கும் தமிழ் வழியினரும்

‘ராசா சாயாங்’ பாட்டின் மூத்த உறவினர் என்று ‘டொண்டாங் சாயாங்’ மரபைக் கூறலாம். இதிலும் மெட்டு ஒன்றே, பந்துன்கள் பல. வயலின், ரெபானா, கோங் ஆகியவற்றின் துணையோடு இருவர் எதிரெதிரே நின்று பந்துன் தொடுப்பர். பாடுவோர் அவ்விடத்திலேயே புனைந்து விடையிறுக்கவேண்டும். எதிராளி தொடுத்த பொருளை விட்டு விலகினால் தோற்றவராகக் கருதப்படுவார். 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை மலேசியாவின் சார்பில் மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்பதிவில் இம்மரபைப் பேணுவோராக மலாக்காவின் நான்கு சமூகத்தார் குறிக்கப்பெறுகின்றனர்: மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துக்கீசிய வழியினர், செட்டிகள்.

இந்நால்வருள் மலாக்காச் செட்டிகள் நம் சிறப்புக் கவனத்துக்கு உரியர். மலாக்கா சுல்தானகக் காலத்திலேயே வணிகத்தின் பொருட்டு வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழியினர் அவர்; சைவ சமயத்தினர். ஒல்லாந்தர் ஆட்சியில் 1781இல் எழுந்த மலாக்கா ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அவருடையது. அவர்தம் வீட்டுமொழி மலாய். தமிழை இழந்த சமூகம் என்று அவரைப் பற்றி நம்மவர் இரக்கத்தோடு எழுதுவதுண்டு. அவ்விரக்கத்தில் ஓர் உண்மை இருப்பினும், அது முழு உண்மையன்று. இருவர் மாறி மாறிக் காதற்பாட்டுத் தொடுக்கும் கலையை அவர் இழந்திலர். வேறு மொழியில் அதனை அவ்வூர் மக்களோடு சேர்ந்து பாடினர்.

பினாங்கிலும் பாபா நியோன்யா சமூகத்தார் டொண்டாங் சாயாங் பாடினர். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவாகிய சப் கோ மே நாளில், ஜார்ஜ் டவுனின் கடற்கரைத் திடலுக்கு மணமாகா நியோன்யா மங்கையர் வந்து, நல்ல கணவர் வாய்க்கவேண்டி ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறிவர். அவ்விரவில் பாட்டுக்குழுவினர் ஊர்திகளில் அமர்ந்து பந்துன் பாடிச் செல்வது வழக்கம். பினாங்குக்கே உரிய போரியா ஆட்டத்திலும் ஒருவர் தனித்துப் பாட, குழுவினர் பல்லவியைத் திருப்பிப் பாடும் அமைப்பே உள்ளது. அதனைத் தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் படைவீரரோடு தொடர்புபடுத்திக் கூறுவது மரபு. இத்தகைய நகரில் ஒரு பாட்டை ஓர் இனத்துக்கோ ஒரு நாட்டுக்கோ முழுதுரிமையாக்கிப் பேசுவது எளிதன்று.

2007ஆம் ஆண்டு வழக்கு

ஆயினும் அவ்வாறு பேச நேர்ந்தது. 2007 அக்டோபரில் மலேசியச் சுற்றுலாத் துறையின் விளம்பரத்தில் ‘ராசா சாயாங்’ ஒலித்தபோது இந்தோனேசியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. பாட்டு மாலுக்குத் தீவுகளுக்கு உரியது, மலேசியா அதனைக் களவாடிவிட்டது என்பது அந்நாட்டவர் குற்றச்சாட்டு. அது நுசாந்தாரா எனப்படும் தீவகப் பரப்பு முழுவதன் மரபுச்செல்வம் என்று மலேசியத் தரப்பு விடையிறுத்தது. பின்னர் இரு நாட்டுக்கும் பொதுவானது என்ற நிலைப்பாடும் வெளிப்பட்டது.

இவ்வெதிர்ப்புக்குச் சட்டப் பின்புலம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவின் 2002ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நாட்டுப்புறக் கதைகள், பாடல்கள் முதலியவற்றின் உரிமையை அரசிடமே ஒப்படைத்தது. 2014ஆம் ஆண்டின் புதிய சட்டமும் மரபுசார் பண்பாட்டு வெளிப்பாடுகளின் உரிமையை அரசுக்கே வழங்கியது. ஆசிரியர் பெயரறியாத பாட்டு எவர்க்கும் பொது என்னும் வழக்கமான கருத்துக்கு மாறாக, ஆசிரியர் இல்லாத பாட்டுக்கு அரசே உரிமையாளர் என்றாயிற்று. உரிமையாளர் ஒருவர் தோன்றிய பின்னர்க் களவும் தோன்றுவது இயல்பே.

உரிமையை மெய்ப்பிக்கச் சான்று வேண்டும் அன்றோ? சூராகார்த்தா நகரிலுள்ள லோக்கானந்தா என்னும் அரசு இசைத்தட்டு நிறுவனத்தின் காப்பகத்திலிருந்து 1962ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்று எடுத்துக்காட்டப்பட்டது. அவ்வாண்டு ஜாகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் நினைவாகப் பங்கேற்பாளர்க்கு வழங்க உருவாக்கப்பட்ட தட்டு அது. அதில் இப்பாட்டு உள்ளது. ஆனால் மலாயாவைக் களமாகக் கொண்டு 1943இல் வெளிவந்த ‘மராய் நோ தோரா’ என்னும் ஜப்பானியத் திரைப்படத்திலும் இப்பாட்டு ஒலிக்கிறது. தட்டுக்கு அது பத்தொன்பது ஆண்டு முந்தியது. இதனால் பாட்டு மலாயாவுக்கு உரியது என்று முடிவுகட்டலாமா? கட்டலாகாது. 1943இல் அது மலாயாவின் அடையாளமாகக் கொள்ளத்தக்க அளவு அறியப்பட்டிருந்தது என்பதற்கு மேல் அப்படம் எதனையும் மெய்ப்பிக்காது. ஒலிப்பதிவு, பாட்டு எப்போது கருவியில் அகப்பட்டது என்பதைச் சொல்லும். எப்போது பிறந்தது என்பதைச் சொல்லாது.

இருதரப்பாரும் கேட்ட வினாவிலேயே பிழை உள்ளது என்பது நம் துணிபு. சரணங்கள் மலாய் பேசும் நிலமெங்கும் மிதந்த பந்துன்கள். பல்லவியோ துறைமுகந்தோறும் மாறியது. மெட்டு வாய்வழியே பரவியது. இவற்றுள் எதனைப் பாட்டு என்று பிடித்து எவரிடம் ஒப்படைப்பது? 2020 திசம்பரில் பந்துன் மரபு இந்தோனேசியா, மலேசியா ஆகிய இரு நாடுகளின் கூட்டு விண்ணப்பத்தின்மேல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்கப்பெற்றது. பாட்டில் முட்டிக்கொண்டவர்கள் பாட்டின் சட்டகத்தில் உடன்பட முடிந்தது கருதத்தக்கது.

வடிவம் நிலைபெற்ற மற்றொரு மெட்டு

மாறிக்கொண்டே இருந்த காதற்பாட்டின் மெட்டு ஒன்று, ஒரு நாளில் மாறாத்தன்மை பெற்றதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. பேரா சுல்தான் அப்துல்லா, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொலைக்குப் பின்னர் 1877இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே மாஹே தீவில் வழங்கிய பிரெஞ்சு மெட்டு ஒன்றே பின்னர்ப் பேரா மாநில கீதத்துக்கு அமைந்தது என்பது மரபாகக் கூறப்பெறும் செய்தி. அதே மெட்டு ‘தெராங் பூலான்’ என்னும் நிலாக் காதற்பாட்டாகப் பங்சாவான் நாடகமேடைகளில் ஒலித்தது. 1937இல் அப்பெயரிலேயே வெளிவந்த திரைப்படத்தால் மேலும் பரவியது. 1947இல் ‘மாமுலா மூன்’ என்னும் பெயரில் ஹவாய்ப் பாணி இசைக்குழு ஒன்று இங்கிலாந்தில் அதனை இசைத்தட்டாக்கியது. ஒரே மெட்டு அரசவாழ்த்தாகவும் மேடைப்பாட்டாகவும் நடனப்பாட்டாகவும் ஒரே காலத்தில் வாழ்ந்தது.

1957இல் நாட்டுப்பண் தேடப்பட்டபோது போட்டிக்கு வந்த 514 பாடல்களுள் எதுவும் ஏற்கப்படவில்லை. புகழ்பெற்ற இசையமைப்பாளரிடம் கேட்டுப் பெற்றவையும் பொருந்தவில்லை. இறுதியில், துங்கு அப்துல் ரஹ்மான் தலைமையிலான குழு பேரா மாநில கீதத்தின் மெட்டைத் தேர்ந்தது. இவ்விதம் அமைந்ததே ‘நெகாராகூ’. அதன்பின் அம்மெட்டைக் காதற்பாட்டாகவோ ஆட்டப்பாட்டாகவோ இசைக்க இடமில்லாது போயிற்று. 1968ஆம் ஆண்டின் நாட்டுப்பண் சட்டம் அதன் மதிப்பைக் காக்கிறது. நாட்டுப்பண்ணுக்கு இத்தகைய நிலைபேறு தேவை, அதில் ஐயமில்லை. 1992இல் அதன் நடை விரைவாக்கப்பட்டபோது மக்கள் அதனை விரும்பவில்லை. 2003இல் பழைய நடையே மீண்டது. நிலைபெற்ற வடிவத்தை மக்கள் எவ்வளவு உறுதியாகப் பற்றுவர் என்பதற்கு இது சான்று. நாம் கேட்பது, நாட்டுப்பண்ணுக்கு உரிய இவ்விதியை நாட்டுப்புறப் பாட்டுக்கும் ஏன் விதிக்கிறோம் என்பதே.

பாடபேதம் என்னும் பழக்கம்

இதற்கு விடை நம் கல்விப் பயிற்சியில் உள்ளது. தமிழ் கற்றோர் பாடபேதம் என்னும் சொல்லை ஏட்டுச்சுவடிப் பதிப்பிலிருந்து பெற்றவர்கள். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேட வேண்டியிருந்தது. திருத்தக்கதேவர் என்னும் ஒரு புலவர் ஒரு காலத்தில் ஒரு வடிவில் பாடிய நூல் அது. எனவே வேறுபாடுகளுள் பெரும்பாலன ஏடெழுதியோர் பிழையாகவே இருக்க முடியும். அம்முறை அந்நூலுக்குப் பொருந்தும்.

நாட்டுப்புற வழக்காற்றியலிலும் ஒரு காலத்தில் இதே நோக்கு இருந்தது. பின்லாந்து அறிஞர்கள் ஒரு கதையின் வடிவங்களை எல்லாம் திரட்டி, அவை பரவிய வழியை வரைந்து, மூலவடிவத்தை மீட்க முயன்றனர். வால்ட்டர் ஆண்டர்சன் 1923இல் இதற்கு மாறான ஒரு வினாவை எழுப்பினார்: இத்தனை வாய்கள் மாறியும் கதை சிதையாமல் இருப்பது எங்ஙனம்? பலரிடம் பலமுறை கேட்பதால் கதை தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது என்பது அவர் கண்ட விடை. 1960இல் ஆல்பர்ட் லார்ட் இன்னும் ஒருபடி சென்றார். யூகோஸ்லாவியப் பாடகரை ஆராய்ந்த அவர், பாடகர் மனப்பாடத்தை ஒப்பிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் யாக்கிறார். ஆதலின் ஒவ்வொரு பாடலும் ஒரு மூலமே என்றார். பந்துன் பாடுவோர்க்கு இக்கருத்தைச் சொன்னால் வியக்கமாட்டார்கள்.

தமிழில் மு. அருணாசலத்தின் ‘காற்றிலே மிதந்த கவிதை’ 1943இலும், பெர்சி மாக்வீன் திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இலும் வந்தன. இத்தொகுப்புகள் இல்லையேல் நாம் இன்று பேசுவதற்கே பொருளிராது. குறை தொகுப்பாசிரியரிடம் இல்லை. ஓரூரில் ஒருநாள் கிடைத்த வடிவத்தை அவர்கள் அச்சேற்றினர். அதனைப் பாடநூலாக்கி, ஏனையவற்றைப் பிழையாக்கியவர்கள் நாம்.

வேறுபாடு வரலாற்றுச் சான்றாகவும் அமையும். இலங்கை மலையகப் பாடல்களைச் சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என வெளியிட்டார். மலையகத்தில் 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அதற்குப் பல்லாண்டு பின்னரும் கோப்பிக் காலத்துச் செய்தி மலையகப் பாட்டில் தங்கியிருக்கக் காண்கிறோம். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையிலும் இத்தகைய மாற்றம் உண்டு. அங்குத் தமிழர் முதலில் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தனர். பின்னரே ரப்பர், அதன்பின் செம்பனை. ஒரே காதற்பாட்டில் ஒரு பாட்டி கரும்பையும் மற்றொருவர் பால்மரத்தையும் பாடுவாராயின், அவற்றுள் ஒன்றைப் பிழையென்று அடிப்பது ஒரு நூற்றாண்டு வரலாற்றை அடிப்பதாகும்.

திரைப்படமும் இசைத்தட்டும் நாட்டுப்புறப் பாட்டைக் கெடுத்தன என்னும் குறையும் நம்மிடையே அடிக்கடி எழும். இதனை முற்றும் ஏற்பதற்கில்லை. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய ‘சுராங்கனி’ என்னும் இலங்கைப் பைலாப் பாட்டு, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் ஒலித்தது. பைலாவோ போர்த்துக்கீசியர் வருகையோடு தொடர்புடையது. மேலே கூறிய ‘ஜிங்லி நோனா’வின் உலகைச் சேர்ந்தது. சிங்களமும் தமிழும் கலந்த அப்பாட்டு, மலேசியாவில் பிறந்த பாடகர் வழியாகத் தமிழகம் சென்று, மலேசியத் திருமண மண்டபங்களுக்கே திரும்பி வந்தது. தீங்கு புதிய வடிவம் பிறப்பதால் அன்று. ஒரு வடிவம் ஏனையவற்றை வாயடைக்கச் செய்யும்போதே நேர்கிறது. இன்று மாணவர் ‘ராசா சாயாங்’ மெட்டில் பாடும் பந்துன்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. தட்டிலும் பாடநூலிலும் ஏறிய அச்சிலவே பாட்டாகிவிட்டன. புதிதாகப் புனைந்து பாடலாம் என்பதையே பலர் அறியார்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

பத்து காவான் போன்ற பழைய தோட்டப் பகுதிகள் இன்று தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. 2014இல் திறக்கப்பெற்ற இரண்டாம் பினாங்குப் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. தோட்டத்தில் ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்து, ஒருவர் பாட மற்றவர் எடுத்துப் பாடிய மகளிர், அடுக்குமாடிகளில் தனித்தனியே உள்ளனர். எதிர்ப்பாட்டுக்கு எதிராளி இல்லாதபோது பாட்டு முதலில் சுருங்கும், பின்னர் மறக்கும். ஆகவே இப்பணிக்குக் காலம் நெடிதில்லை.

மாணவர் பாட்டுத் திரட்டும்போது அடிகளை மட்டும் எழுதிவருதல் போதாது. பாடியவர் பிறந்த தோட்டம், அவர் அப்பாட்டைக் கேட்ட இடம், நாற்று நடும்போதா, பால்மரம் வெட்டும்போதா, தாலாட்டும்போதா, திருமண வீட்டிலா, யாருக்கு எதிர்ப்பாட்டாக என்பனவும் வேண்டும். ஒருவரிடமே சில கிழமை கழித்து மீண்டும் கேட்கச் செய்தல் நன்று. இரண்டாம் முறை ஓரடி மாறியிருந்தால், ‘முன்னர் வேறாகப் பாடினீர்களே’ என்று மாணவர் கேட்கட்டும். ‘அப்படியும் பாடலாம்’ என்று விடை வந்தால் அதனையும் அப்படியே எழுதிவரச் சொல்லவேண்டும். அச்சு நூலிலுள்ள வடிவத்தைக் கரும்பலகையில் ஒருபுறமும் பாட்டியின் வடிவத்தை மறுபுறமும் எழுதி, எந்தச் சொல் ஏன் மாறிற்று என்று வகுப்பில் வினவலாம். சிவப்பு மையை அவ்வேளையில் மேசைக்குள் வைத்துவிடுதல் நலம்.

‘ராசா சாயாங்’ மெட்டையும் இதற்குப் பயன்படுத்தலாம். இயைபு கெடாமல் நிழலடி இரண்டும் கருத்தடி இரண்டுமாகத் தமிழில் நான்கடி யாத்து, அம்மெட்டில் பாடுமாறு ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்க்குப் பணிக்கலாம். நிழலடிக்குத் தத்தம் ஊரிலுள்ள ஏதேனும் ஒரு பொருளையே கொள்ளவேண்டும் என்று வரையறுத்தால் போதும். கொம்தார் கோபுரமும் படகுத்துறையும் தண்ணீர்மலைத் தைப்பூசக் காவடியும் தாமாகவே பாட்டுக்குள் வந்து சேரும்.